முதலில் எலக்ட்ரீஷியன், பிறகு சோலார்

அன்புள்ள அம்மா,

பத்தாம் வகுப்பு முடித்த மகன் சோலார் வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறான், நாளைக்கு அரசு திட்டத்தை நிறுத்திவிட்டால் அவன் கதி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 2010-இல் தேசிய சூரிய மின்சக்தி இயக்கம் தொடங்கியபோது, 2022-க்குள் 20,000 மெகாவாட் என்பது இலக்கு. 2015-இல் அதை ஒரு லட்சமாக்கினார்கள். நாடு அதைத் தொட்டது 2025-இல்தான். தாமதம் என்றாலும் துறை படுத்துவிடவில்லை. மானியம்தான் கூடும், குறையும். அதை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் குறி ஒரு கோடி வீடுகள். மூன்று கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். ஆனால் பேனல் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். ஆகவே மாடியிலும் ஆள் வேண்டும், தொழிற்சாலையிலும் ஆள் வேண்டும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கங்கைகொண்டானிலேயே பெரிய பேனல் தொழிற்சாலை ஓடுகிறது.

என் யோசனை: ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு எலக்ட்ரீஷியன் பிரிவில் அவனைச் சேர்த்துவிடுங்கள். பேனல்களை வரிசையாகக் கோத்தால் பல நூறு வோல்ட் நேர்மின்சாரம், அதாவது ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரம், வரும். வீட்டு மின்சாரத்தில் எழும் பொறி பெரும்பாலும் தானே அணைந்துவிடும். இதில் எழுவது எளிதில் அணையாது. கனெக்டரைச் சரியாக அழுத்தாமல் விட்டால் அந்த இடம் சூடேறி உருகும், தீயும் பிடிக்கலாம். எர்த்திங், வயர் தடிமன், பிரேக்கர் தேர்வு எல்லாம் கையில் பழகிய பையன்தான் இதற்குத் தேவை. சில வாரங்களில் ‘சோலார் இன்ஜினியர்’ ஆக்குகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் இடங்களுக்குத் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.

ஐ.டி.ஐ. முடித்தபின் ‘சூரியமித்ரா’ என்ற சோலார் பயிற்சி பற்றி விசாரியுங்கள். குருகிராமில் உள்ள தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் வழியாக மத்திய அரசு 2015-இல் தொடங்கியது. 600 மணி நேரம், கட்டணம் கிடையாது. மேலே படிக்க ஆசைப்பட்டால் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆராய்ச்சி வேறு பாதை. அதற்குப் பிளஸ் டூ இயற்பியலும் பொறுமையும் வேண்டும். மும்பை ஐ.ஐ.டி.யில் 2010 முதல் சோலார் ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது.

சேர்க்கைப் படிவம் வாங்குவதற்கு முன் அவனிடம் ஒன்று கேளுங்கள்: சித்திரை வெயிலில் மாடி விளிம்பில் நின்று வேலை பார்க்க முடியுமா? உயரம் என்றால் பயம் என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம், தொழிற்சாலைப் பக்கம் போகட்டும்.