ஆண்ட்ரூ பார்க்லே நிறுவனத்தின் நெருப்பில்லா எஞ்சின்கள் எப்படி ஓடின?

ஸ்காட்லாந்தின் கில்மார்னாக்கில் 1840இல் தொடங்கிய ஆண்ட்ரூ பார்க்லே பட்டறை, 1859இல் முதல் ரயில் எஞ்சினைக் கட்டியது. அதன் தனித்த சாதனை நெருப்பில்லா எஞ்சின்கள்தான்: 1913 முதல் 1961 வரை 114. வெடிமருந்து ஆலைகளிலும் காகித ஆலைகளிலும் ஒரு பொறி பறந்தாலே ஆபத்து. அதனால் கொதிகலனுக்குப் பதிலாக, வெப்பக்காப்பிட்ட பெரிய கலன். அதில் பெரும்பகுதி நீர். ஆலைக் கொதிகலனிலிருந்து குழாய்வழி நீராவி ஏற்றுவார்கள். ஓடும்போது அழுத்தம் குறையக் குறைய, சூடான நீரே கொதித்து மேலும் நீராவி தரும். அழுத்தம் குறைவு என்பதால் சிலிண்டர்களின் விட்டம் பெரிது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. நீர்மட்டம் மிஞ்சினால் சிலிண்டருக்குள் நீர் புகும். நீர் அமுங்காது, சிலிண்டர் மூடியே உடையலாம். அழுத்தமானியைப் பார்க்காமல் தொலைவு போனால் நீராவி ஏற்றும் இடத்துக்குத் திரும்ப முடியாது, வேறு எஞ்சின்தான் இழுத்துவர வேண்டும்.

1972இல் லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் குழுமம் நிறுவனத்தை வாங்கியது.