கேள்வி பதில்: ஒரே கிருமி, வேறு வேறு பாதிப்பு

கேள்வி: ஒரே கிருமி ஒருவரைக் காய்ச்சலோடு விட்டுவிடுகிறது, இன்னொருவரின் உயிரைப் பறிக்கிறது. இதற்கான மரபணுக் காரணங்களை ஆப்பிரிக்க மக்களிடம் தனியாக ஆராய வேண்டும் என்கிறார்களே, ஐரோப்பியர்களிடம் நடந்த ஆய்வுகள் போதாதா?
– வாசகி, தென்காசி

பதில்: போதாது. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கடும் மலேரியாவுக்கு ஆளான குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு, 2009-இல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. ஹீமோகுளோபின் மரபணுவில் ஓர் எழுத்து (டிஎன்ஏவின் ஓர் அலகு) மாறியிருப்பதே அரிவாள் செல் திரிபு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் அது கொடிய சோகை நோயாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து பெரும் பாதுகாப்பு தருகிறது. இந்தப் பாதுகாப்பை ஆய்வாளர் அந்தோணி அலிசன் 1954-இலேயே எடுத்துக்காட்டிவிட்டார். ஆகவே, மலேரியா பற்றிய எந்த மரபணு ஆய்விலும் முதலில் பளிச்சென்று தெரிய வேண்டியது இந்தத் திரிபுதான். காம்பியாவிலோ அது மங்கலாகவே தென்பட்டது.

இத்தகைய ஆய்வுகளில் டிஎன்ஏவைப் படிக்கப் பயன்படும் சிப்கள் மரபணுத்தொகை (ஒருவரின் மொத்த டிஎன்ஏ) முழுவதையும் படிப்பதில்லை. சில லட்சம் இடங்களை மட்டும் படிக்கின்றன. அவற்றோடு சேர்ந்தே வழிவழியாக வரும் பக்கத்து எழுத்துகளை ஆய்வாளர்கள் கணித்துக்கொள்கிறார்கள். மனித இனம் மிக நீண்ட காலம் வாழ்ந்துவரும் நிலம் ஆப்பிரிக்கா என்பதால், அங்கே எண்ணற்ற தலைமுறைகளாக மரபணுக்கள் கலந்து, ஒன்றாகச் சேர்ந்து வரும் துண்டுகள் சிறுத்துவிட்டன. ஐரோப்பியர்களிடம் பலிக்கும் கணிப்பு அங்கே பிசகிவிடுகிறது. காம்பியா மக்கள் சிலரிடம் ஹீமோகுளோபின் மரபணு உள்ள பகுதியை முழுமையாகப் படித்து, அதன் அடிப்படையில் மீண்டும் கணக்கிட்ட பிறகே அரிவாள் செல் திரிபு ஐயத்துக்கு இடமின்றி வெளிப்பட்டது. அரை நூற்றாண்டாக அறிந்த, இவ்வளவு வலுவான ஒன்றே நழுவப் பார்த்தது என்பது என்னை இன்றும் கவலைகொள்ளச் செய்கிறது. 2018 நிலவரப்படி, உலகில் நடந்த மரபணுத்தொகை ஆய்வுகளில் பங்கேற்றோரில் 78 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆப்பிரிக்கர்கள் 2 சதவீதம் மட்டுமே.

இந்த ஆய்வுகளால் பயனடைவது ஆப்பிரிக்கா மட்டுமன்று. ஓஏஎஸ்1 என்ற மரபணு உள்ள பகுதி கடும் கோவிட்டிலிருந்து ஓரளவு காப்பது ஐரோப்பியர்களிடம் தெரியவந்தது. ஆனால் அவர்களிடம் அது அழிந்துபோன நியாண்டர்தால் என்ற பழைய மனித இனத்திடமிருந்து வந்த நீண்ட துண்டாக இருப்பதால், அதில் காப்பது எந்த எழுத்து என்று பிரித்தறிய முடியவில்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அந்த நீண்ட துண்டு இல்லாமலே, அதிலுள்ள ஓர் எழுத்து மட்டும் பரவலாக இருக்கிறது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவ்வம்சாவளியினர் 2,787 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவில், அவர்களுக்கும் அதே பாதுகாப்பு இருப்பது தெரிந்தது. காப்பது அந்த எழுத்துதான் என்ற முடிவுக்கு அதுவே வழிகாட்டியது.

கேள்வி: அப்படியானால், அமெரிக்கக் கறுப்பின மக்கள் கோவிட்டால் அதிகம் இறந்ததற்கு மரபணுதான் காரணமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அப்படிச் சொல்வதற்கு ஆதாரமில்லை. கோவிட்டைத் தீவிரமாக்கும் மிக முக்கியமான மரபணுத் துண்டு மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. அது தெற்காசியர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் உண்டு. ஆப்பிரிக்காவில் அநேகமாக இல்லவே இல்லை. வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலை, நெருக்கடியான குடியிருப்பு, எட்டாத மருத்துவம் ஆகியவை பறித்த உயிர்களை மரபணுவின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

தவிர, ‘ஆப்பிரிக்க மரபணு’ என்று ஒன்றும் கிடையாது. கடும் மலேரியாவின் அபாயத்தைச் சுமார் 40 சதவீதம் குறைக்கும் டான்டு இரத்த வகை கென்யக் கடற்கரையின் கிலிஃபியில் பத்தில் ஒருவரிடம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் அரிது. எனவே, ஊர் ஊராகத்தான் இந்த வேலை நடந்தாக வேண்டும். நைஜீரியாவிலும் சியரா லியோனிலும், மேற்கு ஆப்பிரிக்காவில் பரவும் வைரஸ் நோயான லாசா காய்ச்சலின் நோயாளிகள் 533 பேரைத் திரட்ட ஏழு ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆய்வு சுட்டிய லார்ஜ்1 மரபணு, லாசா வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் புரதத்தைப் பக்குவப்படுத்துவது.