இரண்டு ‘சார்டன்’ மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. சாப்பிடுகிறார். வேறொரு மருத்துவர் நேற்று எழுதிக் கொடுத்த மாத்திரையின் அட்டையில் லோசார்டன் என்று இருக்கிறது. கம்பெனிப் பெயர் வேறு, ஆனால் மருந்தின் பெயர் ‘சார்டன்’ என்று ஒரே மாதிரி முடிகிறதே. இரண்டையும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. சேர்ந்தால் அழுத்தம் அதிகமாக இறங்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். பழைய மாத்திரையை மட்டும் தொடர்ந்து, இரண்டு சீட்டுகளோடும் இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். இரண்டையும் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்; சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் இரத்தத்தில் பார்க்க வேண்டியிருக்கும்.

பெயரின் அந்த ‘சார்டன்’ முடிவு தற்செயலாக வந்ததல்ல. எந்தக் கம்பெனி தயாரித்தாலும் மாறாத, மருந்துகளின் பொதுப்பெயர்ப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் வெளியிட்டு வருகிறது. பெயர் கேட்டு விண்ணப்பம் வந்ததும் நிபுணர் குழு ஆராய்ந்து, முன்மொழிவுப் பட்டியலில் சேர்க்கும். ஆட்சேபிக்க 4 மாத அவகாசம் உண்டு. ஆட்சேபம் எழாவிட்டால் அதுவே பரிந்துரைக்கப்பட்ட பெயர். எந்தக் கம்பெனியும் அதைத் தன் வணிகப் பெயராக்கிக்கொள்ள முடியாது. ஒரே வகை மருந்துகளுக்கு ஒரே விகுதி வைப்பது உங்களைப் போன்றவர்கள் இப்படிக் கண்டுபிடிக்கத்தான்: அட்டெனோலால், மெட்டோபுரோலால்; எனலாப்ரில், ராமிப்ரில். ‘ப்ரில்’ மருந்தோடும் ‘சார்டன்’ சேர்வது வழக்கமில்லை.

விகுதியை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் கூடாது. ஒமெப்ரஸோல் வயிற்று அமிலத்தைக் குறைக்கும். பெயர் அதேபோல முடிந்தாலும் அரிபிப்ரஸோல் மனநோய்க்கான மருந்து. பெயருக்குப் பின்னால் வரும், மருந்தோடு சேர்ந்திருக்கும் வேதி உப்பின் பெயரையும் பாருங்கள். மெட்டோபுரோலால் டார்ட்ரேட்டை வழக்கமாக நாளுக்கு 2 வேளை கொடுப்போம். நீண்ட நேரம் வேலை செய்யும் சக்சினேட் மாத்திரைக்கு ஒரு வேளை போதும். வெளிநாட்டிலிருந்து மருந்து வந்தால் இன்னொரு சிக்கல்: அமெரிக்க அசெட்டமினோஃபென்தான் நம் பாராசிட்டமால். இரண்டும் வேறு என்று நினைத்துச் சேர்த்து விழுங்கினால் கல்லீரல் கெடும்.

அட்டையின் பின்பக்கத்தில், இந்திய மருந்துத் தரநூலைக் குறிக்கும் ‘ஐ.பி.’ என்ற எழுத்துகளுக்கு முன்னால் இருப்பதே பொதுப்பெயர். கம்பெனிப் பெயரோடு ‘ஏ.எம்.’, ‘எச்’ என்று ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது கூட்டு மாத்திரை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெயரையும் படியுங்கள். கடையில் 4 மாத்திரை வெட்டித் தரும்போது பெயர், காலாவதித் தேதி உள்ள துண்டையே கேட்டு வாங்குங்கள்.