பில்லிங் கவுன்டருக்குப் பின்னால்

வணக்கம் அண்ணா,

பி.காம். முடித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு மாலில் இருக்கும் துணிக்கடையில் வேலை செய்கிறேன். நாடு முழுக்கக் கிளைகள் உள்ள கம்பெனி. ஒன்றரை வருடம் ஆகிறது. பாதி நாள் பில்லிங், பாதி நாள் ஃப்ளோர். சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. பிஎஃப்புக்கும் ஈஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டுக்கும் பிடிக்கிறார்கள். ஆனாலும் ராத்திரி ரூமுக்கு வந்தால் யாரோடும் பேசவே பிடிப்பதில்லை. கால்வலி கூடப் பழகிவிட்டது. போன வாரம் ஒருவர், கேரி பேக்குக்குத் தனியாகப் பத்து ரூபாய் என்றதும் பில்லைக் கசக்கி என் மேல் எறிந்தார். நீங்கள் ஜவுளிக்கடையில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்போதும் இப்படித்தானா? இப்போது என்னை டிபார்ட்மென்ட் மேனேஜர் ஆக்குவதாகச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

கே., கோயம்புத்தூர்

அன்புள்ள கே.,

பில்லை எறிந்தவர் செய்தது தப்பு. ஆனால் அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. துணியெல்லாம் எடுத்து முடித்து கவுன்டருக்கு வந்தபிறகு திடீரென்று பைக்குக் காசு கேட்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரிலேயே சொல்லியிருக்கிறது. போன் நம்பர் தந்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியது. இரண்டையும் நீங்கள் ஒரு நாளைக்கு நூறு பேரிடமாவது கேட்கவேண்டியிருக்கும். கேட்கச் சொன்னவர் வேறு ஊரில், வேறு மாடியில், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். திட்டு மட்டும் உங்களுக்கு. யாரோ எடுத்த முடிவுக்கு நாள் முழுக்க முகம் கொடுப்பதுதான் உங்கள் வேலையின் பெரும்பகுதி. ரூமுக்கு வந்ததும் வாயைத் திறக்கப் பிடிக்காமல் போவது அதனால்தான் என்று எனக்குப் படுகிறது.

நான் இருந்தது மதுரையில், விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில். அங்கே முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். விலை கட்டுபடியாகாதவர்கள் எங்களைத் தாண்டி நேராக அவரிடம் போவார்கள். "ஐம்பது ரூபா குறைச்சுப் போடுங்க, பிள்ளைக்குக் கல்யாணம்." அவர் குறைப்பார், அல்லது "எனக்கே அடக்கவிலை" என்று சத்தியம் செய்வார். சண்டையும் சமாதானமும் அவர் பாடு. எங்கள் மேல் யாரும் பில்லை எறிந்ததில்லை.

அதற்காக அந்தக் காலத்தைக் கொண்டாட முடியாது. பிஎஃப் என்ற பேச்சே கிடையாது. ஸ்டாக் எடுக்கும்போது ஒரு சேலை குறைந்தால் அந்த செக்‌ஷன் ஆட்கள் எல்லார் சம்பளத்திலும் பிடிப்பார்கள். கேள்வி கேட்டால், நாளைக்கு ஊரிலிருந்து இன்னொரு பையன் வருவான். சம்பளச் சீட்டு என்ற ஒன்றை நான் பார்த்ததே வேறு வேலைக்குப் போன பிறகுதான். அந்த வகையில் உங்கள் இடம் எவ்வளவோ மேல்.

ஆனால் ஒன்று இருந்தது. தொழில். பட்டு செக்‌ஷனில் ஒரு மூத்தவர் இருந்தார். "ரெண்டாயிரத்துக்குள்ள காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு அம்மா உட்காருவார். இவர் உடனே இரண்டாயிரம் ரூபாய்ச் சேலையை எடுக்கமாட்டார். முதலில் ஆயிரத்து இருநூறில் ஒன்றை விரிப்பார், சும்மா, நிறம் பார்க்க. அந்த அம்மாவின் கை எந்த பார்டரில் நிற்கிறது என்று கவனிப்பார். கூட வந்த மருமகளின் கண் ரேக்கில் எங்கே போகிறது என்றும் பார்ப்பார். அப்புறம்தான் அலமாரிக்குத் திரும்புவார். நாலாவதோ ஐந்தாவதோ சேலையில் முந்தியை உதறி விரித்துத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார். பெரும்பாலும் அதுதான் பில்லுக்குப் போகும். அவர்கள் போனபிறகு விரித்துப்போட்ட முப்பது சேலைகளை மடிப்பது என் வேலை. பழைய மடிப்பின் மேலேயே புது மடிப்பு விழவேண்டும் என்று தலையில் குட்டுவார்.

கம்பெனிக் கடையில் இந்தத் தொழிலுக்கு இடம் குறைவு. எந்தச் சட்டை எந்த ரேக்கில், எந்த உயரத்தில் தொங்கவேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து படமே வந்துவிடுகிறது. உங்களுக்கு மிஞ்சுவது எண்கள். வாசலுக்கு மேலே ஒரு சின்னக் கருவி உள்ளே வருகிற தலைகளை எண்ணுகிறதே, அதன் கணக்கைப் பார்த்திருப்பீர்கள். வந்த தலைகளுக்கு எத்தனை பில் என்பதுதான் கன்வர்ஷன். அப்பா, அம்மா, பாட்டி, பொடியன் என நாலு பேர் வந்து ஒரு பில் போட்டால் கன்வர்ஷன் இருபத்தைந்து சதவீதம். அந்தப் பொடியன் விளையாட்டாக வெளியே ஓடி மூன்று தடவை திரும்பி வந்தால், கருவி அவனையும் புதிதாக எண்ணினால், கணக்கு இன்னும் சரியும். சாயங்காலம் அதற்கு விளக்கம் சொல்லவேண்டியது நீங்கள். ஒரு பில்லுக்கு எத்தனை உருப்படி என்று இன்னொரு கணக்கு. பேன்ட் வாங்க வந்தவரிடம் "சாக்ஸ் வேணுமா சார்" என்று கேட்கிறீர்களே, அவருக்கு சாக்ஸ் தேவை என்றா கேட்கிறீர்கள்?

கால்வலி பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பழகவேண்டியதில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் முதலில் கழிப்பறைக்கும் பிறகு நாற்காலிக்கும் போராடினார்கள். கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்கவேண்டும் என்கிறது அது. அதற்குப் பிறகு நான் பார்த்த சில கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது, அதன் மேல் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். உட்கார்ந்த ஆளைப் பார்த்தால் கஸ்டமர் தப்பாக நினைப்பார் என்று சூப்பர்வைசருக்குப் பயம். எனக்குத் தெரிந்து எந்தக் கஸ்டமரும் அதற்காகத் துணி எடுக்காமல் திரும்பியதில்லை. மதியம் மூன்று மணிக்குக் கூட்டமில்லாதபோது உங்கள் மாலில் யாராவது உட்காருகிறார்களா? இல்லையென்றால் தனியாகப் போய்க் கேட்காதீர்கள், நாலைந்து பேராகப் போய்க் கேளுங்கள்.

சரி, மேனேஜர் விஷயம். கையெழுத்துப் போடுமுன் பதவி உயர்வுக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். சாதாரண ஊழியருக்கு நான் மேலே சொன்ன கடைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு, அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று நாலாவது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. மேனேஜர் என்ற பட்டத்தை மட்டும் வைத்து அதை முடிவு செய்துவிட முடியாது, உண்மையில் என்ன வேலை என்றுதான் பார்க்கவேண்டும். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டாக் எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்த வாதத்தை யாரிடம் செய்வீர்கள்? ஆட்களை எடுக்க, லீவு கொடுக்க, தள்ளுபடி போட உங்களுக்கு அதிகாரம் உண்டா, அல்லது டார்கெட் மட்டும் உங்கள் பெயரில் வருமா என்று கேளுங்கள். பில்லை எறிகிற ஆளிடம் "பை இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் உரிமையாவது இருக்குமா?

இன்னொன்று, ஈஎஸ்ஐ. 2017-இல் அதன் சம்பள வரம்பை 21,000 ரூபாய் ஆக்கினார்கள். புதுச் சம்பளம் வரம்பைத் தாண்டினால், நடப்பு ஆறுமாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் நீங்கள் அதிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மா அந்த அட்டையில்தான் மருந்து வாங்குகிறார்கள் என்றால், கூடுகிற சம்பளத்தில் ஒரு மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தைக் கழித்துப் பாருங்கள். கம்பெனியே காப்பீடு தருகிறதென்றால் அதில் பெற்றோர் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழித்தபிறகு மிஞ்சுவது எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.