ஓராவின் முள்ளும் வலைக்கண்ணும்

வணக்கம் ஐயா,

ஏ.எல். உயிரியல் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறேன். வீடு உப்புவெளி. கடல் உயிரியல் படித்து நீலத்திமிங்கிலத்தை ஆராய வேண்டும் என்று ஆசை. அம்மாவோ, "மீனைப் பற்றிப் படிக்கக் கம்பஸ் போகவேணுமோ, பக்கத்துச் சல்லிக் கிராமக் கரைக்குப் போனாலே காணும்" என்று சிரிக்கிறா. எந்தப் பல்கலைக்கழகம் நல்லது? வேலை கிடைக்குமா? எனக்கு நீந்தத் தெரியாது, பரவாயில்லையா? திருகோணமலையில் இதற்கு ஒரு வசதியும் இல்லாததால் இப்போதைக்கு யூடியூப் பார்த்துத்தான் கற்கிறேன்.

ச., உப்புவெளி

அன்புள்ள மகள்,

நான் இரண்டு கிழமையாக எழுத நினைத்திருந்ததை உங்கள் அம்மா ஒரு பகிடியில் சொல்லிவிட்டா. அவவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வேலையைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். நாலு வருடம் கழித்து என்ன வேலை இருக்கும் என்று சாத்திரக்காரரைத்தான் கேட்கவேண்டும். நீச்சல் தெரியாவிட்டால் பரவாயில்லையா என்றால், இல்லை, பரவாயிருக்கிறது. உப்புவெளியில் வீடு வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க வெட்கமாக இல்லையா? கச்சான் என்ற தென்மேல் காற்றுக் காலத்தில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வாடை தொடங்குமுன் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள்.

அடுத்தது அந்த "ஒரு வசதியும் இல்லை". பிள்ளை, கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே வாய் வைத்திருக்கும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று வெளியே போகப் போக 3,000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தளமான கண்டமேடை இங்கே அவ்வளவு ஒடுக்கம். ஆழ்கடலில் இரை தேடும் பெருந்தலைத் திமிங்கிலம் கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் வருவதற்கு அந்த ஆழம்தான் காரணம். அதே குடாவில் மகாவலி கொண்டுவரும் மண்ணும் விழுகிறது. நிலாவெளிக்கு நேரே 1 கிலோமீற்றரில் புறாமலை. 2003இலிருந்து தேசியப் பூங்கா. 1998இல் தெற்கிலும் மேற்கிலும் முருகைக்கல் (பவளப்பாறை) வெளிறிச் செத்தபோது பெரும்பாலும் தப்பிய இடம் அது. இதெல்லாம் வசதி இல்லையென்றால் வேறு எது வசதி? குளிரூட்டிய அறையா?

திமிங்கில ஆசையைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாள் படகு எண்ணெய்க் காசில் இரண்டு முதுகும் ஒரு வாலும் பார்த்துவிட்டுத் திரும்பினால் இளமாணி ஆய்வுக்குத் தரவு வராது. அது பிறகு.

இப்போது செய்யவேண்டியது ஓரா மீன் ஆய்வு. ஆம், குழம்பு வைக்கிற ஓராதான். அதன் செட்டைகளை எண்ணியிருக்கிறீர்களா? முதுகுச் செட்டையில் 13 முள், 10 மெல்லிய கதிர். அதற்கு முன்னால், பிடரித் தோலுக்குள் புதைந்து, முன்பக்கம் பார்த்தபடி இன்னொரு சின்ன முள். குதச் செட்டையில் 7 முள், 9 கதிர். இடுப்புச் செட்டையைக் கவனமாக விரியுங்கள்: முதலில் ஒரு முள், நடுவில் 3 கதிர், கடைசியில் மறுபடி ஒரு முள். இரண்டு ஓரத்திலும் முள் உள்ள இடுப்புச் செட்டை ஓராக் குடும்பத்துக்கே உரியது. ஆனால் எல்லா ஓராவுக்கும் இதே எண்ணிக்கைதான். ஆகவே முள் குடும்பத்தைச் சொல்லுமே ஒழிய இனத்தைச் சொல்லாது. இனத்துக்கு உடல் வடிவத்தையும் நிறக்கோலத்தையும் பார்க்கவேண்டும். சிகானஸ் ஜாவஸ் என்றால் மேற்பக்கம் வெளிர்புள்ளி, வயிற்றுப்பக்கம் நெளிகோடு. சிகானஸ் கனாலிகுலாட்டஸ் என்றால் உடல் முழுக்கப் பொடிப்புள்ளி. செத்த மீனில் நிறம் மங்கிக்கொண்டே போகும். வள்ளம் கரையேறியவுடன், தலை இடப்பக்கமாக, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.

முள்ளில் நஞ்சு உண்டு, செத்த மீனிலும். குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத நீரில், கையை அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் வையுங்கள். அந்த நஞ்சு புரதம், சூட்டில் கெடும். வலியில் மரத்த கைக்குச் சூடு தெரியாது. நீரின் சூட்டை மற்றக் கையால் பாருங்கள்.

பிறகு அளவு. ஒரு பலகை, ஒரு முனையில் நிமிர்ந்த தடுப்பு, தடுப்பிலிருந்து 0 தொடங்கும் உலோக அடிமட்டம். தையல் நாடா வேண்டாம், ஈரத்தில் இழுபடும். மீனின் வாயை மூடி மூக்கைத் தடுப்பில் முட்டவைத்து மில்லிமீற்றர் வரை வாசியுங்கள். வால் நுனி வரையா, வால் கவை வரையா என்பதைத் தாளின் மேலேயே எழுதுங்கள். பாதி மீனை ஒரு விதமாகவும் மீதியை இன்னொரு விதமாகவும் அளந்த தாள் அடுப்புக்குத்தான் உதவும்.

எல்லோரும் பிழைவிடுவது இதற்குப் பிறகுதான். கூறு போட்ட பிறகு அளக்கப் போவார்கள். கூறு என்பதே அளவு பார்த்துப் பிரித்தது. பெரியது ஐஸ் பெட்டிக்கு ஏறியிருக்கும். மிச்சத்தை அளந்துவிட்டு "இங்கே ஓரா சிறுத்துவிட்டது" என்று எழுதுவார்கள். கூறுக்கு முன், குவியலிலிருந்து தெரிவு செய்யாமல் எடுக்கவேண்டும். கைக்கு அகப்பட்டதை எடுத்தாலும் கை பெரிய மீனுக்குத்தான் போகும். ஒரு கூடையை அப்படியே வாங்கி, அதிலுள்ள எல்லாவற்றையும் அளப்பதே நல்லது.

அதோடும் முடியவில்லை. 100 மீன் அளந்து, 1 செ.மீ. இடைவெளியில் வரைபு போட்டால் நடுவில் அழகான மேடு ஒன்று வரும். கடலில் அந்த அளவு மீன்தான் அதிகம் என்று சந்தோஷப்படாதீர்கள். செவுள்வலையில் சின்ன மீன் வலைக்கண் என்ற துளைக்குள்ளால் போய்விடும், பெரியது தலை நுழையாமல் விலகிவிடும், இடைப்பட்டது பூவில், அதாவது செவுளில், சிக்கும். நீங்கள் வரைந்தது வலைக்கண்ணின் படம்! போன மாதம் ஒரு வலை, இந்த மாதம் வேறு வலை என்றால், மீன் வளராமலே வரைபில் வளரும். இதைக் கணக்கெடுக்காத ஆய்வறிக்கை ஒன்றை வைத்துக் கடலைப் பற்றிப் பேசவே கூடாது. ஆகவே ஒவ்வொரு மீனுக்கும் எதிரே எழுதுங்கள்: செவுள்வலையா, கரைவலையா, மீன்கூடா, வலைக்கண்ணை இழுத்துப் பிடித்து முடிச்சிலிருந்து எதிர் முடிச்சு வரை எத்தனை செ.மீ.; எத்தனை மணிக்குப் போட்டது, எங்கே. கடற்புல்லிலா, கல்லுப்பக்கமா என்பதை வள்ளமும் வலையும் வைத்திருக்கும் சம்மாட்டியிடம் கேளுங்கள், மரியாதையாக, ஏலம் முடிந்த பிறகு.

கடைசியாக ஒன்றை வெட்டிக் குடலை நீட்டிப் பாருங்கள். உடலைப் போல் பல மடங்கு நீளம், உள்ளே பச்சையாக அரைத்த பாசி. செத்த முருகைக்கல்லின்மேல் பாசி மண்டினால் முருகைக் குஞ்சு ஒட்ட இடம் இராது. அதை மேய்ந்து இடம் விடுவது ஓராவும் கிளிமீனும். சூழற்றொகுதி என்று ஏ.எல். புத்தகத்தில் அம்புக்குறி போட்டுப் படித்தீர்களே, அந்த அம்புக்குறியில் ஒன்று இந்தக் குடல்.

பல்கலைக்கழகம் கேட்டீர்கள். ருகுணுவில் மீன்பிடி, கடல் விஞ்ஞானத்துக்கென்றே பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடித் துறை இருக்கிறது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் எடுத்தும் இந்தப் பக்கம் வரலாம். வெட்டுப்புள்ளி எது தருகிறதோ அதற்குப் போங்கள். எங்கே போனாலும் படிப்பு ஆங்கிலத்தில், முதல் வருடத்தில் இரசாயனமும் புள்ளிவிபரமும் நெரிக்கும்.

பெறுபேறு வரும்வரை சனிக்கிழமைகளில் சல்லிக்குப் போய், தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். நான் முதலில் பார்க்கப்போவது வலைக்கண் நிரலைத்தான்.