வாசகர் கேள்வி – பதில்: பெற்றுக்கொள்ளப் பழகும் பயணம்

கேள்வி: மகள் ஒசாகாவில் வேலை பார்க்கிறாள், எங்கள் இருவரையும் அழைத்திருக்கிறாள். முன்பு ஒரு சுற்றுலாக் குழுவுடன் மலேசியா சென்று பத்துமலையின் 272 படிகளையும் ஏறினோம். ஆனால், திரும்பி வந்தபோது புகைப்படங்களைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. “ஆரியங்காவும் அச்சன்கோவிலும் பக்கத்திலேயே இருக்க, கடல் கடந்து என்ன ஆன்மிகம் தேடப் போகிறீர்கள்?” என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள். மனத்தில் ஏதேனும் தங்கும்படி இந்தப் பயணத்தை அமைத்துக்கொள்ள வழி உண்டா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: உண்டு. ஆனால் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை நீட்டுவதால் அது அமையாது. ஒசாகா வரை போகிறவர் என்பதால் ஷிகோகு தீவைச் சொல்கிறேன். கோபோ தாய்ஷி என்று ஜப்பானியர் போற்றும் கூகாய் என்ற துறவியின் (774–835) பெயரால் அத்தீவைச் சுற்றி 88 கோவில்களை இணைக்கும் யாத்திரைப் பாதை ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். முழுவதும் நடப்பவர்களுக்குப் பெரும்பாலும் நாற்பது நாட்களுக்கு மேல் ஆகும். ஒரு மண்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதில் அவ்வளவும் வேண்டாம். முதல் கோவிலான ரியோசென்ஜி தொகுஷிமா பகுதியில் இருக்கிறது. ஒசாகாவிலிருந்து பேருந்தில் சில மணி நேரத்தில் போய்விடலாம். தொடக்கத்திலுள்ள சில கோவில்கள் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் இருப்பதால், ஒரு நாள் நடந்தாலே அந்தப் பாதையின் இயல்பு பிடிபடும்.

அங்கே யாத்திரிகர்கள் வெள்ளாடை அணிந்து, கையில் ஒரு தடியுடன் நடக்கிறார்கள். அந்தத் தடியே தாய்ஷி என்பது நம்பிக்கை. ஆகவே இரவு விடுதிக்கு வந்து சேர்ந்ததும், தம் கால்களைக் கழுவிக்கொள்வதற்கு முன் தடியின் அடிப்பகுதியைக் கழுவி, அறையில் மரியாதையான இடத்தில் வைக்கிறார்கள். தங்க இடம் கிடைக்காமல் தாய்ஷி ஓர் இரவு பாலத்தடியில் படுத்தார் என்றொரு வரலாறு சொல்லப்படுவதால், எந்தப் பாலத்தைக் கடக்கும்போதும் தடியை ஊன்றுவதில்லை. மாலை போட்டவரை ‘சாமி’ என்று அழைத்தே பழகிய உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது வேறொன்று. அந்தப் பாதையில் வசிக்கும் மக்கள், முன்பின் தெரியாத யாத்திரிகரை நிறுத்தி ஆரஞ்சுப் பழமோ, தேநீரோ, சில நாணயங்களோ கொடுப்பார்கள். ஓசெத்தாய் என்பது அந்த வழக்கத்தின் பெயர். அதை மறுப்பது முறையன்று. விலை கொடுப்பதும் முறையன்று. பெயர் எழுதிய சிறு சீட்டு ஒன்றைக் கொடுத்து வணங்கிவிட்டு நகர வேண்டும், அவ்வளவே. கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் இரவும் பகலும் கடந்துபோகும் ஊர் உங்களுடையது. அன்னதானப் பந்தியில் கரண்டி பிடித்த கை உங்களுடையதாகவும் இருக்கலாம். கொடுத்தே பழகிய கைக்கு, மொழி தெரியாத ஊரில் ஒரு மூதாட்டி நீட்டும் பழத்தை “வேண்டாம் அம்மா” என்று சொல்லாமல் வாங்கிக்கொள்வது எளிதன்று. கொடுப்பவருக்குள் ஒரு சிறு அதிகாரம் ஒளிந்திருக்கிறது என்பது, பெற்றுக்கொள்ளும் இடத்தில் நிற்கும்போதுதான் உறைக்கிறது. பத்துமலையில் இது நேராததில் வியப்பில்லை. குழுவின் வண்டியும் உணவும் வழிகாட்டியும் உடன் வந்ததால், அந்த ஊராரிடம் எதையும் பெற்றுக்கொள்ள வேண்டிய தேவையே உங்களுக்கு ஏற்பட்டிருக்காது.

ஒரு நாள் மிச்சமிருந்தால், ஒசாகாவுக்குத் தெற்கே உள்ள கோயாசான் என்னும் மலைத்தலத்துக்கும் போய்வாருங்கள். தாய்ஷி இன்றும் அங்கே சமாதியில் அமர்ந்திருப்பதாகக் கருதி, துறவிகள் நாள்தோறும் இருவேளை உணவு கொண்டுபோய்ப் படைக்கிறார்கள். உங்கள் உறவினர்களுக்கு இதைச் சொன்னால் ஜீவசமாதி என்று உடனே புரிந்துகொள்வார்கள். கேலியும் சற்றுக் குறையும்.

கேள்வி: பாலித் தீவுக்குச் சென்றிருந்தபோது நியெபி என்று சொல்லி ஒரு நாள் முழுவதும் எங்களை விடுதிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். கொடுத்த பணத்தில் ஒரு நாள் வீண்தானே?
– ஒரு வாசகர், குமுளி

பதில்: பணக் கணக்கில் வீண்தான். நியெபி என்பது பாலி இந்துக்களின் சக ஆண்டுப் பிறப்பு. நெருப்பும் விளக்கும் கூடாது, வேலை கூடாது, வெளியே நடமாடக் கூடாது, கேளிக்கை கூடாது என்பவை அன்றைய விதிகள். விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படும். மௌனப் பயிற்சி முகாம்களில் பணம் கட்டி நம்மவர்கள் உட்காரும் காலம் இது. உங்களுக்கோ ஒரு தீவே சேர்ந்து அதை நடத்திக் காட்டியிருக்கிறது. முதல் நாள் மாலை ஓகோ-ஓகோ என்னும் பூத உருவங்களைத் தெருத்தெருவாகத் தூக்கிச் செல்லும் ஆரவாரத்தை நீங்கள் பார்த்திருந்தால், மறுநாளின் அமைதி இன்னும் நன்றாக விளங்கியிருக்கும். விருந்தாளிக்கென்று விதியைத் தளர்த்தாத வீட்டில்தான் அந்த வீட்டின் உண்மையான ஒழுங்கு தெரியும் என்பது என் எண்ணம். எனினும், முன்கூட்டியே தெரிவிக்காத பயண முகவரிடம் நீங்கள் கோபித்துக்கொள்வது நியாயமே.

கேள்வி: லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங்கில் விடியற்காலையில் பிக்குகளுக்கு அன்னமிடும் நிகழ்ச்சியில் பயணிகளும் கலந்துகொள்ளலாம் என்கிறார்கள். கலந்துகொண்டால் புண்ணியமா, வெறும் காட்சியா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அது உங்கள் கையில் இருப்பது சோறா, கேமராவா என்பதைப் பொறுத்தது. பயணிகள் பிக்குகளின் முகத்துக்கு நேரே மின்னொளி பாய்ச்சிப் படமெடுப்பதைப் பற்றி அவ்வூர் மக்களுக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. இட விரும்பினால், தெருவில் விற்பதை வாங்காமல், தங்கும் விடுதியில் சொல்லி அன்று சமைத்த ஒட்டரிசிச் சோற்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடையில், செருப்பைக் கழற்றிவிட்டு, பிக்குகளைவிடத் தாழ்ந்த நிலையில் அமர வேண்டும். அவர்களைத் தொடக் கூடாது. பிக்கு நன்றி சொல்லமாட்டார் என்பதையும் அறிந்துகொண்டு போங்கள். ஏற்றுக்கொண்டதற்காக இட்டவரே நன்றியுடையவராக வேண்டும் என்பது அவர்கள் மரபு. அன்னமிட விருப்பம் இல்லையென்றால் எதிர்ப்பக்கம் விலகி நின்று பார்க்கலாம். படம் எடுக்க ஆசைப்பட்டால், வெயில் ஏறிய பின் வாட் சியெங் தோங் விகாரைக்குப் போங்கள்; 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த அதன் தாழ்ந்து விரியும் கூரைகளையும், பின்சுவரில் கண்ணாடிச் சில்லுகளால் பதித்த மரத்தையும் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.