"கழுவிச் சுத்தம் செய்யப்பட்டது" என்று ஒட்டியிருக்கும் கீரையை வீட்டில் மறுபடி கழுவ வேண்டுமா? கடைகளில் எதைக் கொண்டு கழுவுகிறார்கள்?

கழுவத்தான் வேண்டும். நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால் வீட்டில் சின்னக் குழந்தையோ வயதானவர்களோ இருப்பார்கள் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம்.

நான் நுண்ணுயிரியல் படித்தவள் இல்லை. தென்சென்னையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் காய்கறிப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவள். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். எல்லாக் கடைகளும் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை. ஆனால் தினமும் அந்தத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டவள் என்பதால் எனக்குச் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

விடியற்காலை ஐந்தரைக்குக் கோயம்பேட்டிலிருந்து வண்டி வரும். கூடைகளை இறக்கி, அழுகலைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, கடையின் பின்பக்கம் இருக்கும் மூன்று தொட்டிகளுக்குக் கொண்டுபோவோம். முதல் தொட்டியில் வெறும் தண்ணீர், மண் போவதற்கு. இரண்டாவதில் குளோரின் மாத்திரை கரைத்த தண்ணீர். மூன்றாவதில் மறுபடியும் நல்ல தண்ணீர். குளோரின் என்றதும் "விஷத்தில் முக்கிய காயா?" என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். அளவோடு போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசினால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. நம் வீட்டுக் குடிநீரிலும் போடுகிற பொருள்தான். 2020இல் கொரோனா வந்தபோது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே, பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு 50 பங்கு குளோரின் கலந்தோ வெதுவெதுப்பான நீரிலோ கழுவலாம் என்றது. சோப்பு வேண்டவே வேண்டாம் என்றும் சொன்னது. அப்போது தக்காளியைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவிய வீடுகள் எத்தனை!

தண்ணீரை மாற்றாமல் விடுவதில்தான் ஆபத்து. மண்ணும் இலைத்துணுக்கும் சேரச் சேரக் குளோரின் அவற்றோடே செலவாகித் தீர்ந்துவிடும். அதன் பிறகு ஒரு கட்டுக் கீரையில் இருந்த கிருமி அடுத்து முக்கும் கட்டுகளுக்கெல்லாம் போய்ச் சேர அந்தத் தொட்டியே வழி செய்து கொடுக்கும். கழுவாத கட்டில் ஒரு வயலின் அழுக்குதான் இருக்கும். மாற்றாத தண்ணீரில் முக்கிய கட்டில் பத்து வயலின் அழுக்கு ஏறியிருக்கும்.

2019 ஜூன் மாதம் சென்னையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த காலம் அது. எங்கள் கடையிலும் லாரிக்குப் பதிந்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோம். மூன்று தொட்டி ஒரே தொட்டியானது. காலையில் நிரப்பிய தண்ணீர் இரவு வரை. சேனையும் உருளையும் அலசிய அதே தண்ணீரில் கொத்தமல்லி, புதினா, நறுக்கி அடைக்கப்போகும் வெள்ளரி, கேரட். மதியத்துக்குள் அது செம்மண் குட்டையைப் போல இருக்கும். குளோரினைச் சோதிக்கும் தாளை முக்கினால் நிறமே ஏறாது. ஆனால் பொட்டலத்தில் ஒட்டும் சீட்டு மட்டும் மாறவில்லை.

தண்ணீர் இல்லாததற்குக் கடையைக் குறை சொல்ல மாட்டேன். ஊருக்கே இல்லை. அந்தச் சீட்டை ஒட்டாமல் விட்டிருக்கலாம், அவ்வளவுதான் நான் கேட்டது. நிறமேறாத தாளைக் கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்தேன். "அம்மா, நீங்கள் உங்கள் வேலையை மட்டும் பாருங்கள்" என்றார்.

அந்த வாரமே ஒரு கர்ப்பிணிப் பெண் நறுக்கிய வெள்ளரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, கழுவியதுதானே? ஆபீஸில் அப்படியே சாப்பிடலாமா?" என்று கேட்டார். என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. "முழு வெள்ளரியாக வாங்கிக்கொண்டு போம்மா, வீட்டில் கழுவித் தோல் சீவி நறுக்கிக்கொள்" என்றேன். பக்கத்தில் நின்ற யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் என்னை பில்லிங்குக்கு மாற்றினார்கள்.

அங்கே பத்து மணி நேரம் நின்றபடியே வேலை. உட்கார ஒரு முக்காலி கிடையாது. வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லையாம். இரண்டு கால்களிலும் நரம்பு சுருண்டு புடைத்ததுதான் மிச்சம். 2021இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அழுதேன். கடையில் முக்காலிகளும் வந்தன. அவற்றின் மேல் பைக்கட்டுகளை அடுக்கி வைத்தார்கள். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் அடுத்த முறை பில் போடும் பெண் நின்றுகொண்டிருந்தால், உட்காரச் சொல்லி மேலாளர் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கீரைக்கு வருகிறேன். வேரை வெட்டி, கட்டைப் பிரித்து, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிறகு கீரையைக் கையால் அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால், அடியில் படிந்த மண் திரும்பக் கீரை மேலேயே வந்து உட்காரும். அடியில் மணல் தட்டாத வரைக்கும் தண்ணீரை மாற்றுங்கள். எனக்குப் பெரும்பாலும் மூன்று முறை ஆகும். காலிஃபிளவருக்கு மஞ்சளும் உப்பும் போட்ட சுடுநீர், நம் வீடுகளில் எப்போதும் செய்வதுதான்.

பூச்சிமருந்தை எடுக்கச் சமையல் சோடா நல்லதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் சோதித்தார்கள். சோடா கரைசலில் 12 முதல் 15 நிமிடம் வைத்ததில் தோல் மேலிருந்த இரண்டு மருந்துகள் போயின. உள்ளே ஊறியது போகவில்லை. ஆகவே மேலோட்டமானதற்கு உதவும். ஆப்பிளில் நகத்தால் சுரண்டினால் வரும் மெழுகு பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட தாவர மெழுகோ அரக்கோதான். வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவினால் போதும்.

நறுக்கி அடைத்ததை மட்டும் பச்சையாகச் சாப்பிட வாங்காதீர்கள். அதைக் கழுவினாலும் வெட்டிய பக்கத்தில் ஏறியது முழுதாகப் போகாது.

"எங்கள் கடையில் அப்படியெல்லாம் இல்லை" என்று கீழே எழுதப்போகிறவர்கள், தொட்டித் தண்ணீரை எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.